கொலீஜியம் காப்பாற்றாத சுதந்திரம்

நவம்பர் 26 அன்று நாடெங்கும் நீதிமன்ற வளாகங்களில் அரசமைப்பின் முகவுரையை வாசிக்கிறார்கள். 1949-இல் அரசமைப்பு அவை அந்தச் சாசனத்தை ஏற்றுக்கொண்ட நாள் அது. 1979-இல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம், எல்.எம். சிங்வியின் முன்முயற்சியில், அதைச் சட்ட நாளாகக் கடைப்பிடிக்கத் தொடங்கியது. 2015-இல் மத்திய அரசு அதை அரசமைப்பு நாளாக அறிவித்தது. அன்று தில்லியில் தலைமை நீதிபதி பேசுவார், சட்ட அமைச்சர் பேசுவார், வழக்கறிஞர் சங்கத் தலைவர் பேசுவார். எல்லாப் பேச்சும் நீதித்துறையின் சுதந்திரத்தில் வந்து நிற்கும். மறுநாள் தலையங்கங்களும் தொலைக்காட்சி விவாதங்களும் அதை ஒரே கேள்வியாகச் சுருக்கிவிடும்: நீதிபதிகளை நியமிப்பது மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியமா, அரசா?

இந்தச் சுருக்கத்தைத்தான் நான் மறுக்கிறேன். நியமன அதிகாரம் நீதிபதிகளின் கையில் இருக்கும்வரை சுதந்திரம் பத்திரமாக இருக்கும் என்கிறது ஒரு தரப்பு. மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கும் அதில் பங்கு வேண்டும் என்கிறது மறு தரப்பு. இரண்டும் எவ்வளவு காரசாரமாக மோதினாலும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். உச்ச நீதிமன்றத்தின் 34 இடங்களிலும் 25 உயர் நீதிமன்றங்களிலும் யார் உட்காருகிறார்கள் என்பதில் நீதித்துறையின் சுதந்திரம் அடங்கிவிடுகிறது, மேலே சரியாக இருந்தால் கீழே தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அது. படித்தவர்களும் பத்திரிகைகளும் சட்டக் கல்லூரிகளும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட இந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம்.

இது எந்தக் காயத்திலிருந்து பிறந்தது என்பதை மறக்க முடியாது. 1973 ஏப்ரலில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த மறுநாளே, ஷெலாட், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராயை இந்திரா காந்தி அரசு தலைமை நீதிபதியாக்கியது. நெருக்கடி நிலையில், 1976-இல், 16 உயர் நீதிமன்ற நீதிபதிகள் வேறு மாநிலங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தடுப்புக் காவலில் இருப்பவர் ஆள்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று அதே ஆண்டு ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். அடுத்த ஆண்டு அவரையும் தாண்டி எம்.எச். பேக் தலைமை நீதிபதியானார். அந்தத் தலைமுறை பட்ட சூட்டின் விளைவுதான் 1993-இலும் 1998-இலும் வந்த தீர்ப்புகள். நியமனத்தில் கடைசிச் சொல் நீதிபதிகளுடையது என்று அவை நிலைநாட்டின. தேசிய நீதித்துறை நியமன ஆணையத்துக்காக 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 99-ஆவது திருத்தம், மறு ஆண்டு அக்டோபரில் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அடிபட்டது. அரசின் கையில் நியமனம் முழுதாகப் போய்விடக் கூடாது என்ற அச்சம் நியாயமானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் 1976-ஐ முழுதாகப் படிக்க வேண்டும். ஆள்கொணர்வு மனுக்களை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அதற்கு முன்பே ஒன்பது உயர் நீதிமன்றங்கள் துணிந்து சொல்லியிருந்தன. இடமாற்ற ஆணை எந்த நேரமும் வரும் என்று தெரிந்தே சொன்னார்கள். அந்த ஒன்பது நீதிமன்றங்களின் துணிவையும் ஒரே நாளில் அழித்தது உச்ச நீதிமன்றம். மேலே சரியாக இருந்தால் கீழே சரியாகும் என்பவர்கள் தங்கள் சான்றாகக் காட்டும் வரலாற்றிலேயே, கீழே இருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள், உச்சியில் இருந்தவர்கள் வளைந்தார்கள்.

சாமானியனுக்கு நீதிமன்றம் என்றால் அது உச்ச நீதிமன்றம் கிடையாது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் ஒரு நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தச் சில நிமிடங்களில்தான் பெரும்பாலோர் முதன்முதலாக ஒரு நீதிபதியைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் போலீஸ்காரர் நிற்கிறார். கையில் ரிமாண்ட் அறிக்கை. வழக்கறிஞர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ‘அடிச்சாங்களா?’ என்று நடுவர் கேட்பதும், சட்டையை விலக்கிப் பார்ப்பதும், ‘ரிமாண்ட் தர முடியாது’ என்று மறுப்பதும் அவருடைய சுதந்திரத்தைப் பொறுத்தது. இந்த நாட்டில் ஒரு குடிமகனின் உடம்பைக் காக்கும் நீதித்துறைச் சுதந்திரம் அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஜூன் 19 இரவு காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ரிமாண்ட் ஆனது. காயங்களோடு இருந்த இருவரையும் சரியாகப் பார்க்காமலே நடுவர் காவலுக்கு அனுப்பினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன இருவரும் மூன்றே நாளில், ஒருவர் பின் ஒருவராக, இறந்துபோனார்கள். அந்த ரிமாண்ட் நேரத்தில் ஒரு கேள்வி அழுத்தமாகக் கேட்கப்பட்டிருந்தால் அவர்கள் சிறைக்குப் பதில் மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள். அந்த நேரத்தில் கொலீஜியம் யாரை எங்கே பரிந்துரைத்துக்கொண்டிருந்தது என்பதற்கும் இந்த இரண்டு உயிர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அதே வழக்கில் இன்னொரு நடுவர் வருகிறார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசனை விசாரிக்க அனுப்பியது. அவர் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குள் போய் உட்கார்ந்தார். கேட்ட ஆவணங்கள் உடனே வரவில்லை. கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றன்றைக்கே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒரு காவலர் அவரை இழிவாகப் பேசினார். அவர் எழுந்து போய்விடவில்லை. இரவு முழுக்க அடித்ததைப் பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார், நடந்த அத்தனையையும் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கையாக எழுதினார். நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டார்கள்.

பலரும் இதைத் தனிமனிதத் துணிவின் கதையாகச் சொல்லிப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து விசாரிக்கச் சட்டத்தில் ஒரு மாற்றம் முன்பே நடந்திருந்தது. காவல் மரணங்களை விசாரிக்கும் வேலை முன்பு கோட்டாட்சியர் போன்ற நிர்வாகத்துறை நடுவர்களிடம் இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005-இல் கொண்டுவந்த திருத்தம் 176-ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்து அதை நீதித்துறை நடுவருக்கு மாற்றியது. மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. காவல்துறையோடு ஒரே மாவட்ட நிர்வாகக் கூட்டங்களில் சேர்ந்து உட்காரும் அதிகாரிக்குப் பதிலாக, அந்த நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத ஒருவர் விசாரிக்கிறார். நீதிமன்றங்களை எப்படி அமைக்கிறோம் என்பதன் பொருள் இதுதான். ஒரு சட்டப் பிரிவின் ஓர் உட்பிரிவு, பதினான்கு ஆண்டு கழித்து, தூத்துக்குடி மாவட்டத்தில் உண்மையை வெளியே கொண்டுவந்தது. அந்தத் திருத்தத்துக்கு யாரும் விழா எடுக்கவில்லை.

அந்த வேலை இன்னும் முடியவும் இல்லை. விசாரிப்பவரையும் ஆள்பவரையும் பிரிக்க வேண்டும் என்ற கோரிக்கை பழையது. காங்கிரஸ் தன் இரண்டாம் மாநாட்டிலேயே, 1886-இல், அதைக் கேட்டது. நம் திருநெல்வேலிக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும். 1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானபோது மாவட்டக் கலெக்டர் விஞ்ச். மாவட்ட மாஜிஸ்திரேட்டும் அவர்தான். அரசியல் பகைமை கொண்ட அதிகாரியே சட்டத்தின் நாற்காலியிலும் இருந்தார். அந்த நினைவோடுதான் அரசமைப்பின் 50-ஆவது பிரிவு எழுதப்பட்டது. 1948 நவம்பரில் அம்பேத்கர் அதை முன்மொழிந்தபோது மூன்று ஆண்டுக்குள் அந்தப் பிரிப்பு முடிய வேண்டும் என்ற கெடு இருந்தது; விவாதத்தின்போது அந்தக் கெடு கைவிடப்பட்டது. நாடு முழுமைக்கும் ஒரே சீராக அது நடக்க 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வர வேண்டியிருந்தது. அப்போதும் ஒரு வாசல் திறந்தே விடப்பட்டது. அமைதியைக் காப்பதற்கென்று வட்டாட்சியரும் கோட்டாட்சியரும் நிர்வாகத்துறை நடுவர்களாகத் தொடர்ந்தார்கள். 107, 110 என்று போலீஸ் நிலையங்களில் எண்ணாலேயே அழைக்கப்படும் பிரிவுகள் அவர்களிடம் நின்றன. ஒருவரிடம் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கலாம். அதை மீறினார் என்று சொல்லி உள்ளே தள்ளலாம். குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. புதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது எண்கள் மாறின, ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இது இன்னும் ஒருபடி கீழே இறங்கியது. 2013-இலும் 2014-இலும் வெளியான அரசாணைகள் காவல் துணை ஆணையர்களையே நிர்வாகத்துறை நடுவர்களாக்கின. பிடிப்பவரும் போலீஸ், பிணைப் பத்திரம் வாங்குபவரும் போலீஸ், மீறினார் என்று சிறைக்கு அனுப்புபவரும் போலீஸ். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் என். ஆனந்த் வெங்கடேஷும் சுந்தர் மோகனும் அந்த அரசாணைகளை அரசமைப்புக்கு முரணானவை என்று ரத்து செய்தார்கள். பிணை மீறலுக்குச் சிறையில் அடைக்க வேண்டுமானால் நீதித்துறை நடுவரிடம் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். பத்தாண்டுக் காலம் நம் நகரங்களில் எத்தனை ஏழை இளைஞர்கள் அந்த ஆணைகளால் சிறைக்குப் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பத்தாண்டும் கொலீஜியம் தன் அதிகாரத்தோடுதான் இருந்தது. சுதந்திரம் பற்றிய பெரிய விவாதம் தில்லியில் நடந்துகொண்டிருந்தபோது, நீதிபதியின் வேலையை ஒரு போலீஸ் அதிகாரி செய்துகொண்டிருந்தார்.

இங்கே ஒரு மறுப்பு வரும். கடைசியில் உயர் நீதிமன்றம்தானே அதைத் திருத்தியது, மேலே இருப்பவர்கள் சுதந்திரமாக இருந்ததால்தானே அது முடிந்தது? உண்மை. மேலிடம் சுதந்திரமாக இருக்க வேண்டியது அவசியம். 1989-இல் குஜராத்தின் நடியாதில், போலீஸின் ஒத்துழையாமை பற்றிப் புகார் எழுதிய தலைமை நீதித்துறை நடுவரையே காவல் நிலையத்துக்கு வரவழைத்து, வலுக்கட்டாயமாக மது ஊற்றி, விலங்கு மாட்டி, கயிற்றால் கட்டிப் படம் எடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 1991-இல் அந்தப் போலீஸ் அதிகாரிகளைத் தண்டித்தது, நீதிபதிகளைக் கைது செய்வதற்கு வழிமுறைகளையும் வகுத்தது. அது பெருமைக்குரிய தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு வர இரண்டு ஆண்டு ஆனது. இந்திய நீதிமன்றங்களில் நிலுவையில் இருக்கும் ஐந்து கோடி வழக்குகளில் நாலு கோடிக்கும் மேல் மாவட்ட, வட்ட அளவில்தான் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் மேல்முறையீடு போய்த் தில்லி வந்து காப்பாற்றும் என்று நம்புவது, பணமும் பொறுமையும் உள்ளவனுக்கு மட்டும் சுதந்திரமான நீதிபதி போதும் என்று ஒப்புக்கொள்வதாகும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெருமன்றப் பேச்சுகளில் அது இடம்பெறுவதே இல்லை. விசாரணை நீதிபதிக்கு இன்று பெரும் அச்சம் எங்கிருந்து வருகிறது? அமைச்சரிடமிருந்தும் கலெக்டரிடமிருந்தும் வருவதைவிட உயர் நீதிமன்றத்திலிருந்தே அதிகம் வருகிறது. அரசமைப்பின் 235-ஆவது பிரிவு மாவட்ட நீதித்துறை மீதான கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றத்திடம் கொடுத்தது, அரசின் கையிலிருந்து காப்பதற்காக. நல்ல நோக்கம்தான். ஆனால் இடமாற்றம், பதவி உயர்வு, ஆண்டு ரகசிய அறிக்கை, விழிப்புப் பிரிவின் விசாரணை எல்லாம் ஒரே கையில் குவிந்தால், அந்தக் கை நீதிபதியின் கையாக இருந்தாலும் பயம் பயம்தான். அரசுக்கு அஞ்சாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, மேல் நீதிமன்றத்துக்கு அஞ்சிக் கிடக்கும் நிலையில் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

இது என் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்ற புதிதில், 2022 நவம்பரில், டி.ஒய். சந்திரசூட் இதை வெளிப்படையாகப் பேசினார்: கடுமையான வழக்குகளில் பிணை கொடுத்தால் தாங்கள் குறிவைக்கப்படுவோமோ என்ற அச்சத்தால் அடிமட்ட நீதிபதிகள் தயங்குகிறார்கள் என்றார். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. பிகாரில் ஒரு மாவட்ட நீதிபதி பிணை கொடுத்ததற்காகவும், போதைப்பொருள் வழக்கொன்றைக் கையாண்ட விதத்துக்காகவும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானார். அவருடைய மேல்முறையீட்டில், 2019-இல், தவறான உத்தரவு என்ற ஒரே காரணத்துக்காக நீதிபதி மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நீதிபதிகள் தீபக் குப்தாவும் அனிருத்தா போஸும் தீர்ப்பளித்தார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னும், அலகாபாத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருந்தது. ஒரே பாடத்தை உயர் நீதிமன்றங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அச்சம் ஒரு திசையிலிருந்து மட்டும் வருவதில்லை. பிணையை எளிதாக்க வேண்டும் என்று சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் அடுத்த ஆண்டு, அதைப் பின்பற்றாத நீதிபதிகளிடமிருந்து நீதிமன்றப் பணியை எடுத்துவிட்டுப் பயிற்சி மையத்துக்கு அனுப்பும்படியும் சொன்னது. பிணை கொடுத்தால் விழிப்புப் பிரிவு, கொடுக்காவிட்டால் பயிற்சி மையம். இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவர் தன் முன்னால் இருக்கும் வழக்குக் கட்டைப் பார்ப்பாரா, மேலே யார் என்ன நினைப்பார்கள் என்று பார்ப்பாரா? 2022 இறுதியில் நம் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாத இத்தனை பேர் உள்ளே கிடப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. நீதிபதியின் பயமும் ஒரு காரணம் என்பதைத் தலைமை நீதிபதியின் வாயாலேயே கேட்டுவிட்டோம்.

மத்தியப் பிரதேசத்தில் 2023-இல் ஆறு பெண் உரிமையியல் நீதிபதிகள் தகுதிகாண் காலத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வழக்குகளை முடித்த எண்ணிக்கை போதவில்லை என்பது சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. அவர்களில் ஒருவர் அந்தக் காலத்தில் கோவிட்டால் பாதிக்கப்பட்டிருந்தார், கருச்சிதைவும் ஆகியிருந்தது. உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்த பிறகு நால்வரை உயர் நீதிமன்றமே திரும்பச் சேர்த்துக்கொண்டது. மீதி இருவரை மீண்டும் பணியில் அமர்த்தி நீதிபதி நாகரத்னா அமர்வு 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ‘டிஸ்போசல்’ என்று நீதிமன்ற வட்டாரத்தில் சொல்லப்படும் அந்த எண்ணிக்கைக்காக ஓடும் நீதிபதி, சாட்சியை நிதானமாகக் கேட்க முடியாது. நிதானமாகக் கேட்டால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் அறிக்கையில் எழுதுவார்கள்.

ஊழலைத் தடுக்க இந்தக் கட்டுப்பாடு தேவையில்லையா என்று கேட்பவர்களை நான் ஒதுக்கிவிடவில்லை. கீழமை நீதிமன்றங்களில் பணம் விளையாடுவதை வழக்காடும் மக்கள் அறிவார்கள். லஞ்சம் வாங்கும் நீதிபதியை வீட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும். நடத்தையை விசாரிப்பதும் தீர்ப்பை விசாரிப்பதும் வெவ்வேறு வேலைகள். உள்நோக்கத்துக்கு ஆதாரம் இருந்தால் நடவடிக்கை எடுங்கள். உத்தரவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீட்டில் திருத்துங்கள். இந்தக் கோட்டை உச்ச நீதிமன்றம் எத்தனையோ முறை வரைந்துவிட்டது. அதை மீறும் உயர் நீதிமன்றத்தைக் கேட்பார் இல்லை. பெயரில்லாப் புகார்களை நம்பி நேர்மையான நீதிபதியைப் பந்தாடினால் லஞ்சம் குறையாது. எல்லாருக்கும் பிடித்த உத்தரவை மட்டும் எழுதி ஓய்வு வரை ஓட்டிவிடும் நீதிபதிகள்தான் பெருகுவார்கள்.

உச்சியிலும் இதே நோய்தான். 2018 ஜனவரி 12 அன்று செலமேஸ்வர், ரஞ்சன் கோகோய், மதன் லோக்கூர், குரியன் ஜோசப் ஆகிய நான்கு மூத்த நீதிபதிகள் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். சுதந்திர இந்தியாவில் அதற்கு முன் நடக்காத காரியம். அவர்கள் வெளியிட்ட கடிதத்தின் முதன்மையான புகார், முக்கியமான வழக்குகளைத் தலைமை நீதிபதி விரும்பும் அமர்வுகளுக்கு ஒதுக்குகிறார் என்பது. எந்த வழக்கு யாரிடம் போகிறது என்பதைத் தீர்மானிக்கும் ரோஸ்டர் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருந்தால், நியமனம் எவ்வளவு தூய்மையாக நடந்தாலும் என்ன பயன்? மூத்த நீதிபதிகள் கூடி ஒதுக்கட்டும் என்று மூத்த வழக்கறிஞர் சாந்தி பூஷண் தொடுத்த வழக்கை அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நியமனத்தில் தலைமை நீதிபதி என்றால் கொலீஜியம் என்று பொருள்கொண்ட அந்த நீதிமன்றம், வழக்கு ஒதுக்குவதில் மட்டும் அவர் ஒருவரே என்று சொன்னது.

சென்னைக்கு இதன் வலி தெரியும். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி விஜயா தஹில்ரமணி மேகாலயாவுக்கு மாற்றப்பட்டார். மறுபரிசீலனை கேட்டார், கிடைக்கவில்லை, பதவி விலகினார். 2021-இல் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி அதே மேகாலயாவுக்கு மாற்றப்பட்டார். கொரோனா இரண்டாம் அலையின்போது தேர்தல் ஆணையத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டவர் அவர். 75 நீதிபதி இடங்கள் கொண்ட உயர் நீதிமன்றத்திலிருந்து, நீதிபதிகளை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய உயர் நீதிமன்றத்துக்கு. நூற்றுக்கணக்கான சென்னை வழக்கறிஞர்கள் எழுத்து மூலம் காரணம் கேட்டார்கள். நாட்டு மக்களுக்குச் சொல்லத்தக்க காரணம் எதையும் கொலீஜியம் சொல்லவில்லை. இரண்டு இடமாற்றங்களும் கொலீஜியத்தின் பரிந்துரைதான். நெருக்கடி நிலையில் ஓர் அமைச்சகம் காரணம் சொல்லாமல் செய்ததை, சுதந்திரத்தின் காவலனாகப் போற்றப்படும் ஓர் அமைப்பும் காரணம் சொல்லாமல் செய்தால் நாம் எதைக் காப்பாற்றினோம்?

பணத்தைப் பற்றி யாரும் விழாவில் பேசுவதில்லை. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-இல் சொன்னது. ஐந்தாண்டுக்குள் அந்த அளவை எட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. இன்றும் 21 அளவில்தான் நிற்கிறோம். மாவட்ட நீதித்துறையின் ஏறக்குறைய 25,000 இடங்களில் ஐயாயிரம் அளவுக்குக் காலி. கட்டடம், ஊழியர், குடியிருப்பு என்று எல்லாவற்றுக்கும் மாநில நிதித் துறையின் வாசலில் நிற்க வேண்டும். இதற்கென்று ஒரு தேசிய அமைப்பு வேண்டும் என்று தலைமை நீதிபதியாக இருந்த என்.வி. ரமணா முன்வைத்த யோசனை, 2022 ஏப்ரலில் நடந்த முதலமைச்சர்கள், தலைமை நீதிபதிகள் மாநாட்டில் ஒருமித்த ஆதரவைப் பெறவில்லை. கீழமை நீதிபதிகளின் ஊதிய நிலுவையைக் கொடுக்காத மாநிலங்களின் தலைமைச் செயலர்களை 2024-இல் உச்ச நீதிமன்றம் நேரில் வரவழைக்க வேண்டியிருந்தது. அரசே ஏராளமான வழக்குகளில் ஒரு தரப்பாக நிற்கும் நாட்டில், சம்பளத்துக்கும் மேசை நாற்காலிக்கும் அதே அரசை எதிர்பார்க்கும் நீதிபதியைச் சுதந்திரமானவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கெல்லாம் மருந்தாக, நாடு முழுமைக்கும் ஒரே தேர்வில் கீழமை நீதிபதிகளை எடுக்கும் அகில இந்திய நீதிப் பணியைச் சொல்கிறார்கள். 2023-ஆம் ஆண்டு அரசமைப்பு நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவும் அந்த யோசனையை முன்வைத்தார். திறமையான இளைஞர்கள் வருவார்கள் என்ற அவருடைய எண்ணத்தை மதிக்கிறேன், வழியை ஏற்க முடியவில்லை. விசாரணை நீதிமன்றம் சாட்சியின் மொழியில் நடப்பது. நாங்குநேரியில் ஒரு பெண் கூண்டில் ஏறி என்ன சொல்கிறாள், எங்கே தயங்குகிறாள் என்பதை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டுத் தீர்ப்பு எழுத முடியாது. தேர்வை தில்லிக்குக் கொண்டுபோவதால் பயம் நீங்கவும் போவதில்லை, பயப்பட வேண்டிய இடம் மட்டும் மாறும்.

செய்ய வேண்டியவை சிக்கலானவை என்று எனக்குத் தோன்றவில்லை. இடமாற்றத்துக்கு, கீழமை நீதிபதியானாலும் தலைமை நீதிபதியானாலும், எழுத்தில் காரணம் இருக்கட்டும், அது வெளியாகட்டும். ஓர் உத்தரவை மட்டும் வைத்து ஒழுங்கு நடவடிக்கை தொடங்கக் கூடாது என்பதை ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் தன் விதியாகவே எழுதிக்கொள்ளட்டும். வழக்கு ஒதுக்குவதைத் தலைமை நீதிபதியோடு இரண்டு மூத்தவர்கள் சேர்ந்து, அறிவிக்கப்பட்ட விதிப்படி செய்யட்டும். ஆளைச் சிறைக்கு அனுப்பும் எந்த அதிகாரமும் வருவாய்த் துறையிடமோ காவல்துறையிடமோ மிச்சம் இருக்கக் கூடாது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அரசமைப்புத் திருத்தம்கூட வேண்டாம். நீதிபதிகள் நினைத்தால் தங்கள் வீட்டுக்குள்ளேயே செய்துகொள்ளக் கூடியவை. நியமன அதிகாரத்துக்காக இவ்வளவு உறுதியோடு போராடிய நீதிமன்றம், தன் கீழே இருக்கும் நீதிபதிகளை விடுவிக்க அதில் பாதி உறுதியைக்கூட இன்னும் காட்டவில்லை.

மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நவம்பர் 26-க்குள் தகவல் உரிமைச் சட்டத்தில் சில கேள்விகளை அனுப்புங்கள். உங்கள் மாவட்டத்தில் எத்தனை நடுவர் இடங்கள் காலி, எத்தனை மாதமாகக் காலி? கடந்த ஓராண்டில் கோட்டாட்சியரும் வட்டாட்சியரும் பிறப்பித்த நன்னடத்தைப் பிணை உத்தரவுகள் எத்தனை, அவற்றை மீறியதாகச் சொல்லிச் சிறைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? கிடைக்கும் பதில்களை அன்றைய விழா மேடையில், மாவட்ட நீதிபதியும் கலெக்டரும் காவல் கண்காணிப்பாளரும் உட்கார்ந்திருக்கும்போதே, முகவுரைக்கு அடுத்தபடியாக உரக்க வாசியுங்கள்.